ஞாயிற்றுக்கிழமையை ஒழித்த பஞ்சு மில்

ஒரு காட்டில் ஒரு பஞ்சு மில் இருந்தது. காட்டில் எதற்குப் பஞ்சு மில் என்று கேட்காதீர்கள். காட்டுக்கு எதற்கு ராஜா என்று இத்தனை கதைகளில் நீங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை. மில்லைப் பற்றி மட்டும் கேட்டால் அது நியாயமில்லை.

மில் ஒரு கரடிக்குச் சொந்தம். நல்ல கரடி. கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நல்லவர். தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவார். தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார். யார் செத்தாலும் மாலையோடு முதல் ஆளாக வந்து நிற்பார். மில் ஆரம்பித்த பிறகு மாலைச் செலவு கொஞ்சம் கூடியிருந்தது. அதை அவர் ஒருநாளும் பெரிதுபடுத்தியதில்லை.

மில்லில் ப்ளோ ரூம் என்று ஓர் அறை. பொதி பொதியாக வரும் பஞ்சை இயந்திரத்தில் போட்டு அடித்து, உதறி, சருகையும் மண்ணையும் கொட்டைத் தூளையும் பிரித்தெடுக்கும் இடம். பிரித்த பஞ்சு அடுத்த அறைக்குப் போகும். பிரித்த தூசி எங்கே போகும்? ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறந்து நஷ்டமாகிறதென்று எல்லா ஜன்னலையும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ஆகவே தூசிக்குப் போக்கிடம் இல்லை. அந்த அறையில் காலியாக இருந்த ஒரே இடம் தொழிலாளிகளின் நெஞ்சு. அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அங்கே செவந்தி என்றோர் அணில் வேலை பார்த்தாள். மில் வாசலுக்கு எதிரே ஒரு மருதமரம், அதன் உச்சிக் கிளையில் அவள் வீடு. வீட்டில் இரண்டு குட்டிகள். காலையில் இறங்குவாள், சாயங்காலம் ஏறுவாள். மரம் ஏறுவது அணிலுக்கு ஒரு வேலையே இல்லை, நாம் மூச்சு விடுகிற மாதிரி. இந்த உவமையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேலை முடிந்து வெளியே வரும்போது செவந்தியின் முதுகில் கோடு தெரியாது. மீசையிலிருந்து வால் வரைக்கும் ஒரே வெள்ளை. மரத்தடியில் நின்று நன்றாக உதறிக்கொண்ட பிறகுதான் ஏறுவாள். உதற மறந்து ஏறிய ஒருநாள், குட்டிகள் அவளைப் பார்த்து அலறிக்கொண்டு பொந்துக்குள் ஓடிவிட்டன.

"நான்தாண்டா," என்றாள்.

"கோடு தெரிஞ்சாத்தான் நீ எங்கம்மா," என்றது சின்னது, தலையை வெளியே நீட்டாமலே.

தொழிலாளர் உடல்நலத்துக்கு மில் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தினமும் சாயங்காலம் வாசலில் ஆளுக்கோர் அச்சு வெல்லம் கொடுப்பார்கள். கொடுப்பவர் மேஸ்திரி. மேஸ்திரி ஓர் ஓணான்.

"இத வாயில போட்டுக்க. தொண்டையில கெடக்கிற பஞ்செல்லாம் உருண்டு கீழ எறங்கிரும்," என்பார்.

"பஞ்சு மூச்சு போற வழியில கெடக்கு மேஸ்திரி. வெல்லம் சோறு போற வழியில போகுது. ரெண்டும் எந்த ஸ்டாப்புல சந்திச்சுக்கும்?" என்று ஒருநாள் பேச்சி கேட்டாள். பேச்சி ஒரு முயல், செவந்தியோடு அதே இயந்திரத்தில் நிற்பவள். வாய் சும்மா இருக்காது.

ஓணான் தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். முதலாளி அவரை மேஸ்திரியாக்கியதே அதற்காகத்தான்.

"ஒனக்கு வேணாம்னா வச்சிட்டுப் போ."

பேச்சி வைத்துவிட்டுப் போகவில்லை. வெல்லம் நல்ல வெல்லம்.

மில் வருவதற்கு முன்னால் காட்டில் கிழமைகளே கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, பசி உண்டு, அவ்வளவுதான். மில் வந்துதான் ஆறு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு என்று ஆயிற்று. கிழமை வந்ததும் கிழமைக்கென்று ஒரு நோயும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செவந்தி நன்றாக இருப்பாள். குட்டிகளோடு கிளைக்குக் கிளை தாவுவாள். திங்கட்கிழமை வேலைக்குப் போவாள். மத்தியானம் ஆனதும் யாரோ நெஞ்சின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இறுக்கும். சாயங்காலம் மரத்தில் ஏறும்போது கிளை பிரிகிற முதல் கவையிலேயே நின்று, பட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி இருப்பாள். செவ்வாய்க்கிழமை இறுக்கம் கொஞ்சம் தளரும். புதன், வியாழன், இன்னும் தளரும். வெள்ளிக்கிழமை ஏறக்குறையப் பழைய அணில். மறுபடி லீவு, மறுபடி திங்கள், மறுபடி முதல் கவை.

ப்ளோ ரூமில் எல்லோருக்கும் இதே கதைதான். பேச்சி இதற்கு 'திங்கள் நெஞ்சு' என்று பெயர் வைத்திருந்தாள். ஆனால் பேச்சி வளையில் குடியிருப்பவள், வீட்டுக்குப் போக இறங்கினால் போதும். செவந்திக்கு வீடு மேலே இருந்தது. அதனால் அவள்தான் முதலில் பயந்தாள்.

ஒரு திங்கட்கிழமை இருவரும் கரடியின் அறைக்குப் போனார்கள். கரடி எழுந்து நின்று வரவேற்றார். நல்ல கரடி என்றுதான் சொன்னேனே.

"மொதலாளி, நெஞ்சு அடைக்குது," என்றாள் செவந்தி. "தூசிய இழுத்து வெளிய தள்ற மாதிரி ஒரு பெரிய காத்தாடி போடணும். இல்ல, ஜன்னலயாவது தெறக்கணும். மூக்குக்கு ஆளுக்கொரு முகமூடி குடுங்க. நான் வீட்டுக்கு ஏறிப் போகணும். அவ்வளவுதான்."

கரடியின் கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா, இத்தன நாளா ஏன் சொல்லல? என் புள்ளைங்க மாதிரி நீங்க. மேஸ்திரி, டாக்டரக் கூப்புடு."

டாக்டர் ஒரு கொக்கு. மில் டாக்டர். அவருக்கு மில் செலவில் ஒரு குளம் வெட்டி, மீன் விட்டுக் கொடுத்திருந்தார்கள். வந்தார், ஒற்றைக் காலில் நின்றார். அவர் ஒற்றைக் காலில் நின்றால் யோசிக்கிறார் என்று பொருள். வெகுநேரம் நின்றார்.

"எப்பம்மா அடைக்குது?"

"திங்கக்கிழம, டாக்டரய்யா."

"எப்பக் கொறையுது?"

"போகப் போகக் கொறையும். வெள்ளிக்கிழம தேவல."

"திங்கக்கிழமைக்கு முந்துன நாள் எங்க இருந்த?"

"வீட்ல. லீவு."

"செவ்வா, புதன், வியாழன்?"

"இங்கதான். வேலையில."

கொக்கு இன்னொரு காலையும் கீழே வைத்தார். யோசனை முடிந்தது.

"பாத்துக்குங்க முதலாளி. ஒரு நாள் மில்லுக்கு வெளியில இருந்துட்டு வந்தா நோய் வருது. மில்லுக்குள்ள இருக்க இருக்க நோய் கொறையுது. அப்ப எது விஷம், எது மருந்து?"

கரடி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாரா வாரம் என் தொழிலாளிகள நானே அந்த வெளிக்காத்துக்குள்ள தள்ளி விட்டிருக்கேன்," என்றார். குரல் உடைந்திருந்தது. "லீவுன்னு வேற பேரு வச்சு."

பேச்சி செவந்தியின் காதில், "கேக்கிறதுக்குச் சரியாத்தான்க்கா இருக்கு. அதான் பயமா இருக்கு," என்றாள்.

இதில் என்ன தப்பு என்று உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். செவந்திக்கும் தெரிந்தது. ஆனால் அன்று திங்கட்கிழமை. உங்களுக்கு முழு மூச்சு இருக்கிறது, அவளுக்குக் கால் மூச்சு. வாதம் செய்ய அறிவு போதும் என்பார்கள். போதாது. காற்றும் வேண்டும்.

"டாக்டரய்யா," என்றாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று. "குடிக்கிறவனுக்கு... காலையில கை நடுங்குது. ஒரு கிளாஸ் உள்ள போனா... நடுக்கம் நிக்குது. அப்ப... சாராயந்தான் மருந்தா?"

கொக்கு தூக்கப்போன காலைத் திரும்பக் கீழே வைத்தார்.

"அது வேற டிபார்ட்மென்ட்டும்மா. நான் பஞ்சுக்கு மட்டுந்தான்."

மறுநாள் வாசலில் எல்லோரையும் கூட்டிவைத்துக் கரடி பேசினார். தொழிலாளர் நலனை முன்னிட்டு ஞாயிற்றுக்கிழமை இன்றோடு ஒழிக்கப்படுகிறது என்றார். ஒரு நாளைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சிகிச்சை நேரமும் கூட்டப்படுகிறது என்றார். சிகிச்சை நேரம் என்றால் வேலை நேரம். இந்தக் கூடுதல் சிகிச்சைக்கு யாரிடமும் காசு வாங்கப்போவதில்லை என்று அவர் சொன்னபோது ஓணான் கைதட்டினார். சிலர் உண்மையாகவே கைதட்டினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முகமூடியும் வந்தது. நல்ல தடிமனான முகமூடி, இரண்டு பக்கமும் நாடா வைத்துத் தைத்தது. அதை வேலை முடிந்து வெளியே போகும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். காலையில் உள்ளே வரும்போது கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்துவிட வேண்டும்.

"உள்ள போட்டுக்கிறேன் மேஸ்திரி," என்று கெஞ்சினாள் செவந்தி.

"உள்ள போட்டு அழுக்காக்கிட்டா வெளிய எதப் போடுவ? ஒனக்கு எவ்வளவு சொன்னாலும் ஒன் ஒடம்பு மேல அக்கறை வர மாட்டேங்குது."

காத்தாடியும் வாங்கினார்கள். பெரியது. ப்ளோ ரூமில் அல்ல, வெளி வாசல் கேட்டில் மாட்டி, காட்டுக் காற்று உள்ளே வந்துவிடாதபடி வெளிப்பக்கமாக ஓட விட்டார்கள்.

பலன் உடனே தெரிந்தது. திங்கள் நெஞ்சு காட்டை விட்டே ஒழிந்தது. ஞாயிறு இல்லாத ஊரில் திங்களுக்கு என்ன வேலை? இப்போது எல்லா நாளும் ஒரே நாள், எல்லா நாளும் ஒரே இறுக்கம். தளர்வதும் இல்லை, கூடுவதும் இல்லை. பேச்சி போய்க் கொக்கிடம் கேட்டாள். ஒருநாள் வந்து ஒருநாள் போனால் நோய், தினமும் இருந்தால் அது சுபாவம் என்று அவர் விளக்கினார். எருமைக்குக் கறுப்பு மாதிரி, முயலுக்கு இருமல்.

செவந்தி முதல் கவை வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தாள். அப்புறம் அதில் பாதி. அப்புறம் மரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதோடு சரி. வெல்லத்தைத் தின்னாமல் வைத்திருந்து மேலே எறிவாள். பெரியது கீழ்க்கிளைக்கு வந்து பிடிக்கும். உதறிக்கொள்ளத் தெம்பு இல்லாததால் கோடு தெரிவதில்லை. முகத்தில் முகமூடி. வெள்ளையாக ஒன்று கீழே நின்று வெல்லம் வீசுகிறது என்ற அளவில்தான் குட்டிகள் அவளைத் தெரிந்து வைத்திருந்தன. எடுத்துக்கொண்டதும் மேலே ஓடிவிடும்.

"கூப்பிட்டுப் பேசேன்க்கா," என்றாள் பேச்சி.

செவந்தி தலையை அசைத்தாள். உச்சிக் கிளை வரைக்கும் கேட்கிற அளவுக்குக் கூப்பிட அவளிடம் மூச்சு இல்லை.

பேச்சிதான் மேலிடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், செவந்தியின் பெயரில். ஒருவழியாகத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். ஆய்வாளர் ஓர் ஆந்தை. கும்மிருட்டில் எறும்பு கால் மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர். ஆனால் அரசு அலுவலக நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. அதற்கு அவர் என்ன செய்வார், பாவம். நட்ட நடு மத்தியானத்தில் வந்து, ஓணானின் தோளைப் பிடித்துக்கொண்டு ப்ளோ ரூமைச் சுற்றிப் பார்த்தார்.

"தூசின்னு புகார்ல இருக்கே. எங்க?"

ஓணான் தலையாட்டினார். அதுவும் ஆந்தைக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் தட்டுப்படலையே," என்றவர் அடுக்கடுக்காகத் தும்மினார். "மூக்குல என்னமோ ஏறுதே."

"வெளிக்காத்து சார். நீங்க வரப்போ கூடவே வந்திருக்கும்."

ஆந்தைக்கு இது நியாயமாகப் பட்டது. வெளியே வந்து மரத்தடியில் நாற்காலி போடச் சொன்னார். கரடி, கொக்கு, ஓணான் பக்கத்தில் நின்றார்கள்.

"புகார் குடுத்தவங்க யாரு? சொல்லும்மா, ஒன் கொற என்ன?"

செவந்தி முகமூடியை இறக்கினாள்.

"என் வீடு... மேல இருக்கு சார். மரம்... ஏற முடியல. ஏன்னா..."

அதற்கு மேல் இருமல். இருமி இருமிக் குப்புறச் சாய்ந்துவிட்டாள். பேச்சி ஓடிவந்து தாங்கிக்கொண்டு, "தூசி சார், அந்த ரூம்ல..." என்று ஆரம்பித்தாள்.

ஆந்தை சிறகை உயர்த்தினார். "நீ புகார்தாரரா? இல்லல்ல. அவங்க பேச்ச அவங்க பேசட்டும். நான் யாரையும் அவசரப்படுத்தல."

காத்திருந்தார். நேர்மையானவர், உண்மையாகவே காத்திருந்தார். இருமல் நிற்கவில்லை. மணி ஐந்தாகப் போகிறது என்று கொக்கு மெதுவாக நினைவுபடுத்தினார்.

"சரி, புரிஞ்சுது," என்றார் ஆந்தை. "வீடு மேல இருக்கு, ஏற முடியல. நியாயமான கொறதான். மரம் ரொம்ப ஒசரம். மொதலாளி, இந்தம்மாவுக்கு வீட்டக் கீழ கொண்டாந்து குடுக்கணும். இது உத்தரவு."

"உத்தரவு எதுக்கு சார், நான் சும்மாவே செய்வேனே," என்றார் கரடி. மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் யானைகள் வந்தன. உத்தரவு நிறைவேறுவதைப் பார்க்க ஆந்தையும் வந்திருந்தார். கரடி மருதமரத்துக்கு மாலை போட்டு, சூடம் கொளுத்தி, எல்லோரும் கேட்கும்படி பேசினார்.

"நம்ம செவந்தி இனிமே மரம் ஏறிக் கஷ்டப்பட வேண்டாம். மில்லுக்குள்ளயே தரையோட தரையா அவளுக்கு ஒரு ரூம். குட்டிங்க ரெண்டையும் கையோட ப்ளோ ரூம்ல சேத்துக்கிறேன். இனிமே தாயும் புள்ளையும் நாள் பூரா ஒண்ணா இருக்கலாம். வெளிக்காத்தே படாது."

ஓணான் கைதட்டினார். யானை மரத்தில் நெற்றியை வைத்தது.

விடிந்ததிலிருந்து செவந்தி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, சின்னச் சின்னதாக மூச்சை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள், வெல்லத்தைத் தின்னாமல் சேர்த்துவைத்த மாதிரி. உச்சிக் கிளையில் குட்டிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தன. மரம் முதல்முறை ஆடியது. குட்டிகள் இறங்கத் தொடங்கின. இறங்கினால் மேஸ்திரி கையில்.

செவந்தி முகமூடியைக் கழற்றி எறிந்தாள்.

"இறங்காதீங்கடா. வேங்கை மரத்துக்குத் தாவுங்க. தாவிட்டே இருங்க, இந்தப் பக்கம் வராதீங்க."

அத்தனை சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய சத்தம். குட்டிகளுக்குக் கோடு தெரியவில்லை, முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"அம்மாடா," என்றது சின்னது.

பெரியது பக்கத்திலிருந்த வேங்கைக்குத் தாவியது, பின்னாலேயே சின்னது. வேங்கையிலிருந்து அடுத்த மரம், அதற்கடுத்த மரம், மேட்டுக்கு அந்தப் பக்கம். இலை அசைவது மட்டும் கொஞ்சநேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. அப்புறம்தான் மருதமரம் விழுந்தது.

கரடிக்கு வருத்தம். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வேல செய்ற எண்ணமே இல்ல," என்றார்.

கொக்குக்கு ஒரே சந்தோஷம். ஒற்றைக் காலில் நிற்கக்கூட அவருக்கு அவசியம் ஏற்படவில்லை.

"சார், கேட்டீங்களா? மேடு தாண்டிக் கேட்டிருக்கும். இப்படிக் கத்தறதுக்கு எப்பேர்ப்பட்ட நொரையீரல் வேணும். இந்தம்மாவுக்கா மூச்சு முட்டுது?"

எல்லோரும் ஆந்தையைப் பார்த்தார்கள். ஆந்தைக்குப் பகலில் கண்தான் தெரியாது. காது எப்போதும் நல்ல காது.

"கேட்டேன்," என்றார். "தெளிவாக் கேட்டேன். நானே சாட்சி."

புகார் முடித்துவைக்கப்பட்டது. செவந்திக்கு ஏதாவது மறுப்பு உண்டா என்று முறைப்படி கேட்டார்கள். அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. சேர்த்துவைத்தது எல்லாம் செலவாகிவிட்டிருந்தது. மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் என்று எழுத வந்தேன். காட்டில்தான் இப்போது வாரம் கிடையாதே. கொஞ்சநாள் கழித்துக் கரடி மாலையோடு முதல் ஆளாக வந்து நின்றார். பக்கத்தில் கொக்கு. சாவுக்குக் காரணம் என்ன என்று யாரோ கேட்டதற்கு, "அன்னைக்கு முகமூடியக் கழட்டிட்டு வெளிக்காத்துல நின்னு கத்துனாங்கல்ல, அதுதான்," என்றார் கொக்கு. கூட்டத்தில் சிலர் அவசரமாகத் தங்கள் முகமூடியைச் சரிசெய்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மில் வாசலில் வரிசை வழக்கம்போல நின்றது. ஓணான் வெல்லம் கொடுத்துக்கொண்டே வந்தார். பேச்சியின் முறை வந்தது. வாங்கினாள், பார்த்தாள், திரும்ப அவர் கையிலேயே வைத்தாள்.

"வச்சுக்க மேஸ்திரி," என்றாள். இன்னும் சொல்ல இருந்தது, இருமல் முந்திக்கொண்டது.

ஓணான் தலையாட்டினார்.

நீதி: மூச்சு முட்டுகிறது என்று சொல்வதற்கு உங்களிடம் மூச்சு இருந்தால், நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். இல்லையென்றால், உங்களிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை.